ஓடைக்குள் வந்த ஒரு சட்டகம்

கடலில் இறங்குவதற்கு முன்பே உங்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம், பவளத்தைக் கையால் தொடாதே என்பது. நல்ல பாடம். நானே எத்தனையோ பேரின் புறங்கையில் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வேலைக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான், கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார் என்று ஒருத்தியிடம் சொன்னேன். அதற்குச் சில நாள் முன்னால் அவளிடமே இன்னொன்றும் சொன்னேன். அது இதைவிடப் பெரிய விதிமீறல். இரண்டையும் கடலில் இறங்கப் போகும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். சமோசா ஆறினால் ஆறட்டும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நான் லெட்சுமி. அடையாள அட்டையில் பர்மியப் பெயர், டோ கின் லே. இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்ப்பேன். காது கெட்டு ஆழத்துக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, என்னை லத்தா பேட்டையில் இந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். கடலில் இருப்பவர்களுக்கு யாங்கோனிலிருந்து வேண்டியதைச் செய்து தருவது என் வேலை. கீழே நகைக்கடை, பக்கத்தில் பூண்டு மொத்த வியாபாரம். கடல் பெருமூச்சு விட்டால்கூட இங்கே கேட்காது. ஆனால் கடலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். அந்தச் சிரமம் என்றாவது உங்களில் ஒருவருக்கு வரும்.

முதலில் ஒரு விஷயம். யாங்கோனில் பிறந்த நமக்கு ஆறு என்றாலே லஃபெயே நிறம். பால் ஊற்றிய தேநீரைப் போன்ற அந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தோம், அதனால் கலங்கல் நமக்குப் பயமாகத் தெரிவதில்லை. புயல் என்றதும் நாம் அலையை நினைக்கிறோம். அலை பவளத்தை உடைக்கும், உண்மைதான். உடைந்த துண்டு விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு மறுபடி வளர்ந்தாலும் வளரும். ஆனால் புயல் போன பிறகு மலையிலிருந்து இறங்கும் ஆற்று வெள்ளம் வேறு மாதிரி. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, அதனால் உப்புத் தண்ணீருக்கு மேலே போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். அந்தப் போர்வைக்குள் அகப்பட்ட பவளம் சதை உரிந்து சாகும். போர்வைக்குக் கீழே இருப்பதற்கு வெளிச்சம் போகும், மேலே சேறு படியும். அதுவும் தன் உடம்பிலிருந்து சளி விட்டு விட்டுச் சேற்றைக் கழுவிப் பார்க்கும். களைத்துப்போனால் விட்டுவிடும்.

நான் சொல்ல வந்த புயலின்போது தெற்கே மியெய் தீவுகளில் ஒன்றை ஒட்டி எங்களுக்கு ஒரு பவள நாற்றங்கால் இருந்தது. இரும்புக் கம்பியில் செய்த சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் பவளத் துண்டுகளைக் கட்டியிருப்போம். அடியில் சிமெண்ட் கட்டை, அதிலிருந்து கயிறு, மேலே மிதவை. நூல் கட்டிய பட்டம் போல, சட்டகம் தண்ணீருக்கு நடுவில் நிற்கும். சாதாரணத் துண்டுகள் இல்லை அவை. முந்தைய கோடையில் கடல் சுட்டதில் அந்தத் தீவைச் சுற்றியிருந்த பவளத் திட்டு பெரும்பாலும் வெளுத்துச் செத்துப்போயிருந்தது. சாகாமல் நின்ற தாய்ப் பவளங்கள் கொஞ்சம்தான். அவற்றிலிருந்து ஒடித்து வளர்த்த பிள்ளைகள் இவை. இவையும் போனால் அந்தத் திட்டுக்கு விதை கிடையாது.

அவற்றை வளர்த்தவள் மா தந்தா. உங்களுக்கு அவளைத் தெரியும், ஆனால் அப்போது முப்பதுகூட ஆகாத பெண். தந்தா என்றால் பர்மியத்தில் பவளம். வீட்டில் அவள் அம்மா பவளம் என்றே கூப்பிடுவார். அவள் இந்த வேலைக்கு வருவாள் என்று தெரிந்து வைத்த பெயர் இல்லை, ஆனாலும் நாங்கள் கேலி செய்யாமல் விட்டதில்லை. அப்பா பர்மியர், அம்மா தமிழ். அவளுக்குப் பேச்செல்லாம் பர்மியம்தான். கோபம் வந்தாலோ பயம் வந்தாலோ மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். அதனால் அவள் தமிழில் தொடங்கினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

அன்று காலையில் தொலைபேசியை எடுத்ததும் தமிழ்.

“அக்கா, எல்லாச் சட்டகத்தையும் ஓடைக்குள்ள இழுத்துட்டு வந்துர்றேன். மத்தியானம் வரைக்கும் கடல் தாங்கும்னு ஊ பா தின் சொல்றார்.”

ஊ பா தின் எங்கள் படகோட்டி. ஓடை என்பது தீவுக்கு எதிர்க் கரையில், அலையாத்திக் காட்டுக்குள் நுழையும் நீர்வழி. புயல் வருகிறதென்றால் அந்தக் கடற்கரை முழுக்க எல்லாப் படகும் அதற்குள்தான் ஒளியும். வலை, மிதவை, கூடு, எது இருந்தாலும் அதற்குள்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். காலம் காலமாகச் செய்வது. படகுக்கு அது சரிதான்.

“ஓடைக்குள்ள வேணாம்” என்றேன்.

“ஏன்?”

“அலை இன்னைக்கும் நாளைக்கும்தான். மலையில பெய்யிற மழை அப்புறமா எறங்கும். அவ்வளவு தண்ணியும் அந்த ஓடை வாய்க்குத்தான் வரும். நல்ல தண்ணியில அது நிக்காது தந்தா.”

“வெளியில விட்டா அலையிலயே போயிரும்! ஒண்ணு மிஞ்சாது!”

“அடிக்கயித்தச் சுருக்கு. மிதவை தண்ணிக்கு அடியில போகட்டும். எவ்வளவு ஆழமா எறக்க முடியுமோ எறக்கு. தரையில மட்டும் படாம பாத்துக்க.”

சட்டகங்களை இழுத்துக்கொண்டு ஓடைக்குள் வருவது சுலபம், மேலே இருந்தே செய்யலாம். கயிற்றைச் சுருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். நான் சொன்னது பவளத்துக்கு நல்லது, அவளுக்கு ஆபத்து. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

“எத்தனை முடியுமோ அத்தனை செஞ்சா போதும். ஊ பா தின் திரும்புன்னா திரும்பிரு. அவர் சொல்றதுதான் கடைசி. கேட்டியா?”

“கேட்டேன்” என்றாள் பர்மியத்தில். தொடர்பு அறுந்தது.

இந்த அறையில் எனக்கு மட்டும் கடலைப் பற்றிக் கவலை இருந்திருந்தால் அந்த நாள் ஓரளவு எளிதாகப் போயிருக்கும். மத்தியானம் நெருங்கும்போது கதவைத் திறந்துகொண்டு ராணியக்கா வந்தார். தந்தாவின் அம்மா.

அவர் மாவ்பி சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். லத்தாவுக்கு மிளகாய் வற்றல், பூண்டு வாங்க வருகிற நாளில் மாடியேறி வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் எல்லோரையும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போவார். அன்று இங்கேயும் மழை. குடையைக் கதவோரம் விரித்து வைத்தார். இடுப்பில் நனைந்திருந்த லொஞ்சியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“பவளத்துக்குப் போன் போட்டேன். அடிக்குது, எடுக்கல. ஒங்ககிட்ட பேசினாளா?”

பொய் சொல்லலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. கரையில்தான் இருக்கிறாள், வேலையாக இருப்பாள் என்று சொன்னால் அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அன்று ஏதாவது நடந்துவிட்டால், அந்தப் பொய்யோடு நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது.

“கடல்ல இருக்காக்கா. சட்டகத்தையெல்லாம் ஆழத்துல எறக்கிட்டு இருக்கா.”

“புயல் வருதுங்கறாங்க. கடல்லயா?”

“வர்றதுக்குள்ள திரும்பிருவா.”

“யாரு சொன்னது?”

“ஊ பா தின்.”

“அவரு படகோட்டி. நீங்க என்ன சொன்னீங்க?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடைக்குள் இழுத்து வந்தால் ஏன் ஆகாது, ஆழத்தில் இறக்கினால் ஏன் பிழைக்கும், ஒவ்வொன்றுக்கும் இறங்க வேண்டும் என்பதுவரை. அவர் பாதியில் கையை நீட்டி நிறுத்தினார்.

“கல்லக் காப்பாத்த என் பிள்ளைதானா கெடச்சா ஒங்களுக்கு?”

அது கல் இல்லை, உயிர் என்று வழக்கமாகத் திருத்துவேன். பள்ளிக்கூடங்களில் போய்ப் பாடமே எடுத்திருக்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டேன். அவர் என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாங்கிய பூண்டு மூட்டை மடியிலேயே இருந்தது.

“கூப்புடுங்க. உடனே ஏறி வரச் சொல்லுங்க.”

“வேணாங்க்கா.”

“என்ன வேணாம்?”

“இப்ப அவ தண்ணிக்குள்ள இருந்தா நம்ம கூப்புடுறது அவளுக்குக் கேக்காது. படகுல இருக்கறவங்க பதறுவாங்க. கயித்த ஆட்டி அவள மேல கூப்புடுவாங்க. அவசரமா மேல வந்தா அதுவே ஆபத்து. அவளா முடிச்சுட்டு வரட்டும்.”

இதை நான் தைரியமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். நான் கூப்பிட வேண்டும் என்று என் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. இந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு இதுதான் பெரிய சோதனை. தன் பதற்றத்தைத் தணித்துக்கொள்வதற்காக ஒருவர் தொலைபேசியை எடுப்பார், கீழே இருப்பவருக்கு அது இன்னொரு அலையாகப் போய்ச் சேரும்.

மின்சாரம் போனது. பூண்டுக்கடைக்காரரின் ஜெனரேட்டர் கீழே உறுமத் தொடங்கியது. ராணியக்கா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். எதிர் மாடியில் ஒருத்தி கொடியில் நனைந்துகொண்டிருந்த துணியை அவசரமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“சரி. படகுல இருக்கறவரக் கூப்புட்டா அவரு பதறுவாருன்னு நீங்கதான சொல்றீங்க” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “ஊ பா தினுக்கு எத்தனை வயசு?”

“அறுபது இருக்கும்.”

“அறுபது வயசு படகோட்டி என் குரலுக்குப் பதறுவாரா? நம்பரக் குடுங்க.”

எண்ணை அழுத்தி அவரிடமே கொடுத்தேன். அதிசயமாக இணைப்பு கிடைத்தது. ஒலிபெருக்கியில் காற்றின் சத்தம் அறையை நிறைத்தது. அவர் பர்மியத்தில் பேசினார், சந்தையில் ஒரு கூடை கத்தரிக்காய்க்கு விலை கேட்பது போன்ற குரலில்.

“ஊ பா தின், நான் தந்தாவோட அம்மா. வானம் எப்படி இருக்கு?”

“தெற்கே கறுத்துட்டு வருது. அலை நீளமாயிருச்சு” என்றார் அவர்.

“பிள்ளை எங்கே?”

“இப்பத்தான் மேலே வந்தா. பெரும்பாலும் இறக்கிட்டா. ரெண்டு மூணு பாக்கி.”

“உங்க மனசு என்ன சொல்லுது?”

“இப்பத் திரும்பினா நல்லது. சொன்னா அவ கேக்க மாட்டேங்கறா” என்றார்.

“நீங்க திரும்புங்க. என் மக சொல்றதையும் கேக்காதீங்க, இந்த லத்தா அம்மா சொல்றதையும் கேக்காதீங்க. போனை அவகிட்ட குடுங்க.”

காலையில் நான் சொன்னதும் அதுதான், ஊ பா தின் சொல்வதே கடைசி என்று. ஆனால் நான் அதைத் தந்தாவிடம் சொன்னேன். ராணியக்கா அதை ஊ பா தினிடமே சொன்னார். இரண்டும் ஒன்றில்லை. அதிகாரத்தை எடுத்து யார் கையில் வைக்கிறோமோ, அவருடைய காதில் அது விழ வேண்டும்.

தந்தாவின் குரல் வந்தது. தமிழ். பல் தந்தியடிப்பது கேட்டது.

“அம்மாவா? அக்கா, அம்மாகிட்ட எதுக்குச் சொன்னீங்க?”

“பவளம், படகுல ஏறு” என்றார் ராணியக்கா.

“அம்மா, நீ பேசாம இரு. அக்கா, ஓரத்துச் சட்டகத்தோட அடிக்கயிறு அறுந்துருச்சு. நான் கையில புடிச்சுட்டு இருக்கேன். அதுலதான் அந்த மான்கொம்பு இருக்கு. மொத்தத் திட்டுலயும் அந்த வகை இதுல மட்டும்தான் மிஞ்சியிருக்கு. புதுக் கயிறு கட்டிட்டு வர்றேன். கொஞ்ச நேரம்தான்.”

மான்கொம்பு என்று நாங்கள் சொல்வது கிளை கிளையாகப் படரும் ஒரு பவளம். அவள் அதைப் பற்றிப் பேசும்போது முகமே மாறிவிடும். ஒரு நகம் அளவிலிருந்து அவள் வளர்த்தது.

பின்னால் ஊ பா தின் என்னவோ கத்துவது கேட்டது. ராணியக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. விட்டுவிட்டு வா என்று நான் சொன்னால் தந்தா கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளைப் பத்து தடவை கடலில் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டு வருவது அவளுக்கு வராது. சரி என்று சொல்லிவிட்டு, தொடர்பு அறுந்ததும் மறுபடி தண்ணீருக்குள் குதிப்பாள்.

“தந்தா” என்றேன். “கயிறு கட்ட நேரமில்ல. அதப் படகுக்குப் பின்னால கட்டு. ஓடைக்குள்ள கொண்டு வா.”

“ஓடைக்குள்ளயா?”

“ஆமா, கொண்டு வா. மெதுவா இழுத்துட்டு வா. உடைஞ்சிராம நீதான் பின்னால ஒக்காந்து பாத்துக்கணும். கயித்த விட்றாத.”

“சரிக்கா” என்றாள். குரலில் சட்டென்று ஒரு தெம்பு. பிறகு இயந்திரம் உறுமும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

காலையில் ஓடை வேண்டாம் என்று அவ்வளவு விளக்கம் சொன்னவள் நான். ராணியக்காவுக்கும் அதையே சொல்லியிருந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், மடித்தார். முதல் மடிப்பை என் பக்கம் நீட்டினார். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருந்ததைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தொலைபேசியை எடுப்பேன், இணைப்பு இல்லை, வைப்பேன். ராணியக்கா மூட்டையிலிருந்து பூண்டை எடுத்துப் பல் பல்லாகப் பிரித்து மேசைமேல் குவித்துக்கொண்டிருந்தார். விற்கிற பூண்டை யாரும் அப்படிப் பிரிக்க மாட்டார்கள். நான் தடுக்கவில்லை. அலுவலகம் முழுக்கப் பூண்டு வாடை. இன்றைக்கும் பூண்டு உரிக்கும்போது தொலைபேசியைத் திரும்பிப் பார்ப்பேன்.

சாயங்காலம், தெருவில் வண்டிகள் தண்ணீரில் மூழ்கி நிற்கத் தொடங்கிய நேரத்தில், ஊ பா தினிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. ஓடைக்குள் வந்துவிட்டோம், எல்லோரும் நலம். ராணியக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பிரித்த பூண்டையெல்லாம் லொஞ்சி மடியில் அள்ளிக்கொண்டார். “மாவ்பி பஸ் போயிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படிக்கட்டில் அவர் வாய்விட்டு அழுதது எனக்குக் கேட்டது.

புயல் வடக்கே போய்க் கரையேறியது. மியெய்ப் பக்கம் காற்று அடங்கியது. நான் பயந்தபடியே மலைத் தண்ணீர் இறங்கியது. தந்தா அனுப்பிய படத்தில் கடலே இல்லை. தீவு வரைக்கும் நம் யாங்கோன் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கேள்வி அப்போது வந்தது. அடுத்த சில நாளில் மழைக்காலம் முழுதாக இறங்கிவிடும், படகு அந்தப் பக்கம் போக முடியாது. அதற்குள் முடிவு செய்ய வேண்டும். சட்டகங்கள் செத்திருந்தால் எல்லாவற்றையும் கரையேற்றிவிட்டு அந்த இடத்தையே கைவிடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. உயிரோடு இருந்தால் அங்கேயே விட்டுவைக்கலாம். எது என்று சொல்ல வேண்டியவள் நான். கேமராவைக் கீழே இறக்கிப் பார்த்தார்கள், பழுப்பு நிறம் மட்டும்தான் தெரிந்தது.

தந்தாவுக்கு வேறு யோசனை. “அக்கா, கீழ இருட்டா இருக்கும். சேறு மூடிரும். பழைய உயரத்துக்குத் தூக்கிர்றேன். கொஞ்சமாவது வெளிச்சம் படட்டும்.”

“தூக்கறதுக்கு முன்னால மேல்தண்ணியக் கையில அள்ளி வாயில வச்சுப் பாரு.”

துப்பும் சத்தம் கேட்டது. “உப்பே இல்லக்கா.”

“கீழ போயி ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வா.”

அதைப் பிடித்து வந்து ருசி பார்த்தாள். அது உப்பு. போர்வை மேலே, பிள்ளைகள் அதற்குக் கீழே. தூக்கினால் நாமே கொன்றவர்களாவோம். இவ்வளவும் சரி, ஆனால் கீழே இருப்பவை உயிரோடு இருக்கின்றனவா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. கண்ணால் பார்க்க வழியில்லை.

அப்போதுதான் அதைச் சொன்னேன். “கையுறையக் கழட்டிட்டு எறங்கு. சேத்தத் தள்ளிட்டு விரல் நுனியால தொடு. செத்திருந்தா சொரசொரன்னு இருக்கும். வழுவழுன்னு இருந்தா மட்டும் நம்பிராத. விரலோட உரிஞ்சு வந்தா அழுகல். மேல வந்ததும் விரல மோந்து பாரு, நாறும். வழுக்கணும், ஆனா தோல் அப்படியே நிக்கணும். அதுதான் உசிரு.”

“நீங்கதான தொடக் கூடாதுன்னு...”

“நான்தான். எறங்கு.”

கண் தெரியாத தண்ணீரில் வெறுங்கையால் தொட்டுச் சொல்வதை வைத்து, ஒரு திட்டின் கதையை முடிப்பதா தொடர்வதா என்று தீர்மானிக்கப் போகிறோம். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படகு இனி அங்கே போகாத நிலையில், பிடித்த வழிக்காகக் காத்திருக்கவும் முடியாது. தெளிந்தபின் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டிருந்தால், உயிரோடு இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லாமல், எல்லாவற்றையும் கரையேற்றும் உத்தரவு தானாக நிறைவேறியிருக்கும்.

அன்றைக்கு ராணியக்காவும் இங்கே இருந்தார். பூண்டு வாங்க வரவில்லை. சும்மா வந்ததாகச் சொன்னார். இரண்டு பேரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

தந்தா மேலே வந்து பேசியபோது குரல் உடைந்திருந்தது. எதுவும் புரியவில்லை. ராணியக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வழுவழுன்னு இருக்குக்கா” என்றாள். “எல்லாம் இல்ல. நெறைய உடைஞ்சிருக்கு, எறக்காம விட்டது ரெண்டும் போச்சு. ஆனா எறக்கினது வழுவழுன்னு இருக்கு. நாறல. மோந்து மோந்து பாத்துட்டேன்.”

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை. ராணியக்காவோ, “கையக் கழுவிட்டுச் சாப்பிடு” என்றார் மகளிடம்.

“சாப்பிடறேன்ம்மா.” அவள் தொலைபேசியை வைக்கவில்லை. “ஓடையில வச்ச சட்டகத்தையும் தொட்டுப் பாத்தேன்.”

நான் நிமிர்ந்தேன்.

“சொரசொரன்னு இருக்கு. மான்கொம்பு முழுசா. நான் கொண்டுவந்து வச்சது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அக்கா, ஓடைத் தண்ணியில அது நிக்காதுன்னு அன்னைக்குக் காலையிலயே சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அப்ப சாகும்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பின்ன எதுக்குக் கொண்டு வரச் சொன்னீங்க?”

ராணியக்கா என் மணிக்கட்டை விடவில்லை. அவர் அந்த மத்தியானமே புரிந்துகொண்டவர்.

“வெறுங்கையோட நீ திரும்பி வந்திருப்பியா?” என்றேன்.

அவள் கோபத்தில் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த வகைப் பவளம் அந்தத் திட்டில் இன்றுவரை திரும்ப வரவில்லை. அதை இழந்தது எனக்கும் வலிதான், அவளுக்கு அது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது.

“மாட்டேன்” என்றாள் கடைசியில், தமிழில்.

இறக்கிய சட்டகங்களை மழைக்காலம் முடிந்து தூக்கினோம். அவற்றின் பிள்ளைகளைத்தான் இப்போது நீங்கள் திட்டில் நடப் போகிறீர்கள். எது எங்கே, எந்த ஆழத்தில் என்பதையெல்லாம் மா தந்தா உங்களுக்குச் சொல்லுவாள். இனி அவள்தான் உங்கள் தலைவி, இந்த நாற்காலியும் அவளுடையது. கேலி செய்யலாம், பொறுத்துக்கொள்வாள். ஆனால் கடல் கறுத்து வரும்போது அவள் திரும்பு என்றால் திரும்புங்கள். திரும்ப மனசில்லாமல் நீங்கள் நிற்கும்போது, ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வா, விட்டுவிடாதே என்று அவள் சொன்னால், அதைக் கட்டிக்கொண்டு வாருங்கள். அது பிழைக்குமா என்று அப்போது கேட்காதீர்கள்.